“அதன் ஆயுளே அவ்வளவுதான்” என்று சொல்பவர்களுக்கு

சென்ற வாரம் எங்கள் துறையின் தேநீர் வேளையில் பேராசிரியர் ஒருவர் தம் மகள் வளர்த்த கினிப்பன்றி இறந்துவிட்டதைச் சொன்னார். வாங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. குழந்தை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று வருந்தினார். பிறகு கோப்பையைக் கீழே வைத்தவாறே, “என்ன செய்வது, அந்தப் பிராணியின் ஆயுளே அவ்வளவுதான்” என்றார். சுற்றி நின்ற ஆறு பேரும் தலையசைத்தோம். நானும் அசைத்தேன். அறைக்குத் திரும்பிய பிறகுதான் அந்தத் தலையசைப்பு உறுத்தத் தொடங்கியது. எங்களுடையது மக்கள்தொகையியல் துறை. ஆயுள் அட்டவணை தயாரிப்பதும், இறப்புக்குக் காரணம் தேடுவதுமே நாங்கள் சம்பளமும் உதவித்தொகையும் பெறும் தொழில். ஒரு மாணவர் தம் ஆய்வேட்டில் ஏதேனும் ஓர் ஊரின் இறப்புகளைப் பற்றி “அவர்களின் ஆயுளே அவ்வளவுதான்” என்று எழுதியிருந்தால் அந்த ஆறு பேரும் அதைச் சிவப்பு மையால் அடித்திருப்போம்.

பேராசிரியரிடம் சொல்லிவிட்டே இதை எழுதுகிறேன். அவர் சினம் கொள்ளவில்லை. ஆனால் இந்தப் பதிவு அவருக்கானது மட்டுமன்று. டெல்லியின் ஆசிரியர் குடியிருப்புகளிலும் மாணவர் வாடகை அறைகளிலும் பிறந்தநாள் பரிசாக இந்த விலங்கை வாங்கி, இரண்டு கோடைகளுக்குள் புதைத்துவிட்டு, அதே வாக்கியத்தைச் சொல்லும் படித்தவர்கள் அனைவருக்குமானது.

முதலில் எண்ணைப் பார்ப்போம். கால்நடை மருத்துவக் கையேடுகள் வீட்டுக் கினிப்பன்றிக்கு வழக்கமாகத் தரும் ஆயுள் 5 முதல் 8 ஆண்டுகள். நன்கு பேணப்பட்ட சில அதற்கு மேலும் வாழ்கின்றன. இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் ‘ஸ்னோபால்’ என்ற ஒன்று 1979இல் இறந்தபோது அதற்கு 14 ஆண்டு 10 மாதத்துக்கும் மேல் வயது. கின்னஸ் பதிவு அது. அதை அளவுகோலாகக் கொள்ளச் சொல்லவில்லை, விதிவிலக்கு விதிவிலக்கே. ஆனால் ஒன்றரை ஆண்டு என்பது கையேட்டின் கீழெல்லையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லையே! எந்தக் கணக்கில் அது ‘அவ்வளவுதான்’ ஆகிறது?

அந்த 5 முதல் 8 என்பதையும் நான் அப்படியே ஏற்கவில்லை. எந்தச் சராசரியைக் கண்டாலும் ‘யாரை எண்ணினார்கள்’ என்று கேட்கத்தானே நமக்குக் கற்றுத்தந்தார்கள்? வீட்டுவிலங்கின் கணக்கு அது வீட்டுக்குள் நுழைந்த நாளில் தொடங்குகிறது. பெருக்கிடத்தில் இறந்த குட்டியும், பேருந்தின் சரக்கறையில் கூடையோடு மூச்சு முட்டிச் செத்ததும், கடைக் கூண்டின் மூலையில் ஒருநாள் காலையில் விறைத்துக் கிடந்ததும் அதில் இல்லை. இன்னொன்று: நம் சந்தைகளில் விற்கப்படும் கினிப்பன்றியின் பிறந்த தேதி விற்பவருக்கே தெரியாது. “ரெண்டு மாசம் சார்” என்பார், எல்லாவற்றுக்கும் அதே இரண்டு மாதம். பிறந்த நாள் தெரியாத உயிரின் ஆயுளை எப்படிக் கணக்கிட்டோம்?

ஆய்வகங்களில் தரவு இருக்குமே என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை நிறுவியது இந்த விலங்கின் உடலில்தான். தொண்டை அடைப்பான் நோய்க்கான எதிர்நச்சின் வலிமையை அளந்ததும் இதன் உயிரை அலகாகக் கொண்டே. ஆங்கிலத்தில் பரிசோதனைக்கு ஆளாகும் எவரையும் குறிக்க இதன் பெயரே வழங்குகிறது, நாம் அதைச் ‘சோதனை எலி’ ஆக்கிக்கொண்டோம். (கினி நாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை, இது பன்றியும் அன்று. ஆண்டிஸ் மலையில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறைச்சிக்காகப் பழக்கப்பட்ட கொறிவிலங்கு.) இவ்வளவு நுணுக்கமாக ஆராயப்பட்ட விலங்காயினும், ஆய்வகத்தில் அது பெரும்பாலும் முதுமை அடைவதில்லை. சோதனை முடியும் நாளே அதன் இறுதி நாள். அங்கே ஆயுளைத் தீர்மானிப்பது உடலியல் அன்று, ஆய்வுத் திட்டம். வீட்டிலும் அப்படித்தான் என்பதே என் வாதம்: ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வளர்ப்பு. நாம் அதை விலங்கின் இயல்பென்று எழுதிவிட்டுக் கைகழுவுகிறோம்.

நம் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. 1901க்கும் 1921க்கும் இடைப்பட்ட இரு பத்தாண்டுகளிலும் இந்தியாவில் பிறப்புநிலை ஆயுள் எதிர்பார்ப்பு 25 ஆண்டுகளை எட்டவில்லை. இந்திய உடலின் ஆயுளே அவ்வளவுதான் என்று இன்று வகுப்பறையில் யாரேனும் சொன்னால் சிரிப்போம். பஞ்சம், கொள்ளைநோய், 1918இன் இன்ஃபுளுவென்சா, பிள்ளைப்பேற்றில் மடிந்த தாய்மார், முதல் பிறந்தநாளைக் காணாத மழலையர் ஆகியவற்றின் கூட்டுத்தொகை அந்த எண். உடல் அதேதான். சூழல் மாறியபோது எண் ஏறத்தாழ மும்மடங்காயிற்று. மனிதத் துயரத்தை எலியின் துயரத்தோடு ஒப்பிடுவதாக எவரும் கொதிக்க வேண்டாம். துயரங்களை நான் ஒப்பிடவில்லை. ஒரே தருக்கப் பிழையைக் காட்டுகிறேன்.

இனி அந்தச் சூழலுக்கு வருவோம். கினிப்பன்றிக்கும் நமக்கும் ஓர் ஊனம் பொது. பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே உருவாக்கிக்கொள்ளும். மனிதராலும் குரங்குகள் பலவற்றாலும் கினிப்பன்றியாலும் அது இயலாது, அதற்கான இறுதி நொதி செயற்படுவதில்லை. இதை உலகம் அறிந்ததே இந்த விலங்கினால்தான். 1907இல் நார்வேயில் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் ஆகிய இருவரும் பெரிபெரியை ஆராய்வதற்காகக் கினிப்பன்றிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்தார்கள். பெரிபெரி வரவில்லை, ஸ்கர்வி வந்தது. பிற்பாடு வைட்டமின் சி-யை அடையாளம் கண்ட சென்ட்-ஜார்ஜியின் ஆய்விலும் ஸ்கர்வியிலிருந்து காக்கப்பட்ட கினிப்பன்றிகளே சான்று. 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நூறாண்டுக்கும் மேலாக இது பாடநூல் செய்தி. ஆயினும் இன்று நம் கடைகளில் இதற்கென்று கொடுக்கப்படுவது முயல் தீவனம். முயல் தன் வைட்டமின் சி-யைத் தானே செய்துகொள்ளும், எனவே முயல் தீவனத்தில் அதைச் சேர்க்க வேண்டிய தேவை இல்லை. ஹோல்ஸ்ட்டும் ஃப்ரோலிக்கும் அறியாமல் செய்த சோதனையை நாம் மாதச் செலவு கொடுத்து வீட்டில் திரும்பச் செய்துகொண்டிருக்கிறோம்.

அதன் தேவை பெரிதன்று. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம், சினைக்காலத்தில் 30 வரை. ஒரு துண்டுக் குடைமிளகாயும் கைப்பிடிக் கொத்தமல்லித் தழையும் இதில் பெரும்பகுதியைத் தரும். கினிப்பன்றிக்கென்றே தயாரித்த தீவனமாயினும் அரைத்த நாளிலிருந்து மூன்று மாதங்களில் அதிலுள்ள வைட்டமின் பெருமளவு சிதைந்துவிடலாம். நம் கடைகளிலோ பெரிய மூட்டையைப் பிரித்துத் தேதியில்லாத பையில் கட்டித் தருகிறார்கள். தண்ணீர்க் குப்பியில் சொட்டு மருந்து விடுவதும் பயன் தராது, ஒளிபட்டு விரைவில் அழியும். பற்றாக்குறை இரண்டு மூன்று வாரங்களிலேயே வெளிப்படத் தொடங்கும்: மயிர் சிலிர்த்து மங்கும், மூட்டுகள் வீங்கும், நடக்க மறுக்கும், தொட்டால் கத்தும். வளர்ப்பவரோ ‘சோம்பேறியாகிவிட்டது’ என்பார்.

நான் அப்படித்தான் சொன்னேன்.

ஆய்வின் இரண்டாம் ஆண்டில் பர்சாத்தி என்று டெல்லியில் அழைக்கப்படும் மொட்டைமாடி ஒற்றையறையில் குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றில் இரண்டு கினிப்பன்றிகள் வாங்கினேன். கரியதற்கு மிளகு என்றும் பழுப்பு நிறத்ததற்கு ஏலம் என்றும் பெயர். கடைக்காரர் கட்டிக்கொடுத்த தீவனத்தையே போட்டேன். அது முயலுக்கானது என்று அறிந்துகொள்ள ஓராண்டு ஆயிற்று. பதினான்காம் மாதத்தில் மிளகு பின்கால்களை இழுத்து நடந்தது. அருகிலிருந்த மருத்துவமனையில் நாயும் பூனையும் பார்ப்பவர் ஒருவர்தான் இருந்தார். காலில் சிறு புண் இருந்தது, அதற்கு வாய்வழியே கொடுக்க அமாக்சிசிலின் எழுதித் தந்தார். மூன்றாம் நாள் கழிச்சல் கண்டது, நான்காம் நாள் விடியற்காலையில் இறந்தது. பென்சிலின் வகை மருந்துகள் கினிப்பன்றியின் பெருங்குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அழித்து நச்சுக் கிருமிகளைப் பெருகவிடும் என்பது 1943 முதலே அறியப்பட்ட எச்சரிக்கை. (1940 மே மாதம் ஃபுளோரியின் குழு பென்சிலினை முதலில் சோதித்தது சுண்டெலிகளில். கினிப்பன்றிகளில் சோதித்திருந்தால் மருந்தையே நஞ்சென்று கைவிட்டிருப்பார்களோ என்று மருந்தியலாளர் இன்றும் பேசிக்கொள்வார்கள்.) நான் உடலைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்க் காட்டியபோது மருத்துவர் பரிவோடுதான் சொன்னார்: “வருந்தாதீர்கள், இவற்றின் ஆயுளே இவ்வளவுதான்.”

அவரைக் குறை கூறி என்ன பயன்? நாயும் பூனையும் அல்லாத சிறுவிலங்குகளைப் பார்க்கப் பயின்றோர் பெருநகரங்களிலேயே மிகச் சிலர். தீவனப் பையின் பின்புறத்தைப் படிக்காதவன் நான். மூன்று கைகள் சேர்ந்து செய்த ஓர் இறப்பு, கடை, மருத்துவம், நான் ஆகிய மூவரையும் ஒரே வாக்கியத்தில் விடுவித்தது. அந்த வாக்கியத்தின் மீது எனக்குள்ள பகை அன்று தொடங்கியது.

பேராசிரியரிடம் கேள்விகள் கேட்டபோது அவர் வீட்டுக் கதையும் வேறுவிதமாக இல்லை. கூண்டு மேற்குப் பார்த்த பால்கனியில் இருந்தது. இறந்தது மே மாதத்தின் மூன்றாம் வாரம். குளிர்ந்த மலைநாட்டில் தோன்றிய, அடர்ந்த மயிர் கொண்ட, வியர்த்து உடலைத் தணிக்க முடியாத விலங்கு இது. அதற்கு உகந்தது 18 முதல் 24 டிகிரி செல்சியஸ். 28ஐத் தாண்டினாலே வெப்பத்தாக்கு நேரும் ஆபத்து உண்டு. டெல்லியின் மே மாதம் 44ஐத் தொடும். ஐஸ்கட்டி போட்ட தண்ணீர்க் கிண்ணத்தைக் கூண்டில் வைத்ததாகச் சொன்னார். அன்பில் குறையில்லை. ஆனால் அந்த நாளில் நாம் யாரேனும் அந்தப் பால்கனியில் மயிர்ச்சட்டை போட்டு உட்கார்ந்திருப்போமா?

உலர்புல் தந்தீர்களா என்று கேட்டேன். இல்லை, தீவனமும் காரட்டும்தான் என்றார். காரணங்களில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். கினிப்பன்றியின் பற்கள் இருபதும், முன்பல் மட்டுமன்றிக் கடைவாய்ப்பல்லும், வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார் மிகுந்த புல்லை நாள் முழுக்கப் பக்கவாட்டில் அரைப்பதால்தான் அவை தேய்கின்றன. தீவன உருண்டை இரண்டு கடியில் நொறுங்கிவிடும். தேயாத கீழ்க் கடைவாய்ப்பற்கள் உட்புறம் சாய்ந்து நாக்கின்மேல் வளைவாகக் கவியும், விலங்கு விழுங்க முடியாமல் உணவின் முன் அமர்ந்தபடியே பட்டினியால் மெலியும். வெளியே தெரியும் முன்பற்களை மட்டும் பார்த்து ‘பல் சரியாகத்தான் இருக்கிறது’ என்பது பெரும்பிழை. குடலும் புல்லையே நம்பி இயங்குவது. ஒரு நாள் முழுக்க உண்ணாதிருந்தால் அது அவசரநிலை, நாளைக்குப் பார்ப்போம் என்னும் நிலையன்று. இறக்குமதியாகும் டிமோதி உலர்புல் மாணவரின் உதவித்தொகைக்குக் கட்டுப்படியாகாது, அறிவேன். மருந்து தெளிக்காத அறுகம்புல்லை வெட்டி உலர்த்தினால் போதும். குதிரைமசால் சத்தானதுதான், ஆனால் அதில் சுண்ணாம்புச்சத்து மிகுதி. குட்டிகளுக்கும் சினைக்கும் தரலாம். வளர்ந்ததற்கு நாள்தோறும் போட்டால் சிறுநீர்க்கல் வர வாய்ப்பு கூடும், சில ஆண்டுகள் கடந்த கினிப்பன்றிகளில் அது அடிக்கடி காணும் தொல்லை.

கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முயலையும் கினிப்பன்றியையும் ஒரே கூண்டில் அடைப்பது நம் வழக்கம். முயல் நோயின்றிச் சுமக்கும் போர்டெடெல்லா என்ற கிருமி கினிப்பன்றிக்கு நுரையீரல் அழற்சியைத் தந்து கொல்லும். ஆண்பெண் பிரிக்காமல் விற்பார்கள். பெண் குட்டி நான்கைந்து வாரங்களிலேயே சினையாகக் கூடும், ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடியும் சினையாகும். மறுபுறம், முதல் ஈற்று ஏழெட்டு மாதத்துக்குப் பிந்தினால் இடுப்பெலும்பின் இணைப்பு இறுகிவிட, குட்டி வெளிவர வழியின்றித் தாய் மடியலாம். இரண்டும் பெண் என்று சொல்லி விற்ற இணையில் ஒன்று ஆண் என்பது குட்டி பிறந்த பிறகுதான் தெரியவருகிறது. நேரக்கூடிய இடர்ப்பாடுகளை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இதற்கும் ‘ஆயுள்’ என்றுதான் பெயர்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2018இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் நாய், பூனை, முயலோடு கினிப்பன்றியையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. கடை நடத்தப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். ஆய்வகக் கினிப்பன்றிக்கோ நிறுவன நெறிமுறைக் குழு உண்டு. அது எதை உண்கிறது, எத்தனை டிகிரியில் வாழ்கிறது, எப்போது இறக்கிறது என்பதற்கெல்லாம் பதிவேடு உண்டு. ஆய்வகத்தை நான் புகழவில்லை, அதன் முடிவு என்னவென்று மேலே சொல்லிவிட்டேன். ஆனால் நம் வளாகத்தில் விலங்குக் கூடத்துக் கினிப்பன்றி எங்கள் வீட்டுக் கினிப்பன்றியைவிட நல்ல தீவனம் தின்கிறது என்பது வெட்கத்துக்குரிய உண்மை. அன்பு செலுத்துகிறோம் என்பவர்கள் நாம்.

தனிமையைப் பற்றி ஒரு சொல். இது கூட்டமாக வாழும் விலங்கு. சுவிட்சர்லாந்து 2008ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையில் கினிப்பன்றியைத் தனியே வளர்க்கக் கூடாதென்றே விதித்தது. துணை இருந்தால் இத்தனை மாதம் கூடும் என்று சொல்ல என்னிடம் எண் இல்லை. மிளகு போன பின் ஏலம் மூன்று நாள் மூலையை விட்டு வரவில்லை என்பதை மட்டும் கண்டேன். பின்னர் இன்னொரு பெண்ணைச் சேர்த்தேன்.

எதிர்வாதங்கள் வரும். “குழந்தைகள் ஊட்டச்சத்துக் குறைவால் சாகும் நாட்டில் எலிக்குக் குடைமிளகாயா?” என்று நண்பர் ஒருவர் முன்பே கேட்டுவிட்டார். அந்தக் கேள்வியைப் பிராணியை வாங்கும் முன் கேட்டிருந்தால் அவரை வணங்கியிருப்பேன். யாரும் நம்மை வாங்கச் சொல்லவில்லை. வாங்கிய பின் அது உண்பது, குடிப்பது, படுப்பது எல்லாமே நம் கையில். “மரபணுவும் உண்டே” என்பார் இன்னொருவர். உண்டு. நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருக்கப்பட்டவை நலிந்து பிறக்கலாம். பெண்களுக்கு வயது ஏறும்போது சூலகக் கட்டிகள் மிகப் பரவலாக வருகின்றன. நல்ல வளர்ப்பும் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. ஆனால் மரபணு மீது பழி போட உரிமை வேண்டுமானால் முதலில் புல்லும் நிழலும் வைட்டமினும் கொடுத்திருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். இந்த விலங்கு இரையாகப் பரிணமித்தது, நோயை மறைக்கும். நம் கண்ணுக்குத் தெரியும் நாளில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். சமையலறை எடைக்கருவி ஒன்று அதைவிட நேர்மையாகப் பேசும். வளர்ந்த ஒன்று 700 முதல் 1200 கிராம் இருக்கும். ஞாயிறுதோறும் நிறுத்து எழுதுங்கள். ஒரே வாரத்தில் 50 கிராமுக்கு மேல் குறைந்தால் உற்றுக் கவனியுங்கள், 100 குறைந்தால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். போகும் முன், கினிப்பன்றி பார்த்திருக்கிறாரா என்று தொலைபேசியில் கேளுங்கள். வளாகத்தில் வளர்ப்போர் தம் பதிவேட்டை எனக்கு அனுப்பினால் நாற்பது ஐம்பது விலங்குகளுக்கேனும் ஒழுங்கான ஆயுள் அட்டவணை ஒன்றைத் தொடங்கலாம். வாங்கிய தேதி, தீவனம், எடை, கூண்டு இருக்கும் இடம், இறந்த தேதி ஆகியன போதும். பிறந்த நாள் தெரியாவிடில் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். இறப்புக் காரணம் என்னும் கட்டத்தில் ‘ஆயுள்’ என்று எழுதி வரும் படிவத்தைத் திருப்பி அனுப்புவேன்.

ஏலத்தின் எடை இந்த ஞாயிறு 960 கிராம். பேராசிரியரின் மகள் இன்னொன்று வேண்டுமென்று அழுகிறாளாம், நேற்று அவர் என்னிடம் என்ன தீவனம் என்று கேட்டார். தீவனத்தைப் பிறகு பேசுவோம், முதலில் கூண்டு வைக்க உள்ளறையில் இடம் பாருங்கள், ஒன்றாக வேண்டாம், இரண்டாக வாங்குங்கள், அதுவும் அக்டோபர் வரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.